கட்டாயமில்லை, படம் எடுத்து அனுப்பவும்

ஆசிரியர் தினத்தன்று ஆசிரியர்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும் என்று முதன்முதலில் கண்டுபிடித்தவர்கள் என்ற பெருமை 2014-இல் டெல்லியில் ஆட்சிக்கு வந்தவர்களுக்கே உரியது. அதற்கு முன்பெல்லாம் செப்டம்பர் 5 என்றால் பிள்ளைகள் ரோஜாப்பூவும் பேனாவும் வாங்கி வருவார்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அம்மாவின் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து ஒரு பீரியடு டீச்சராக நடிப்பாள். ஆசிரியர்களுக்கு வடையும் காபியும் கிடைக்கும். அந்த ஆண்டு அதெல்லாம் ஓரங்கட்டப்பட்டது. பதவியேற்று நூறு நாள் ஆகியிருந்த பிரதமர் நரேந்திர மோடி, டெல்லி மானெக்‌ஷா அரங்கிலிருந்து நாட்டின் பள்ளிப்பிள்ளைகள் அத்தனை பேரிடமும் பேசப்போகிறார், பிற்பகல் 3 மணியிலிருந்து 4.45 வரை எல்லோரும் பார்க்க வேண்டும் என்று உத்தரவு கிளம்பிற்று.

டெல்லியில் காலை ஷிப்டுப் பள்ளி மதியத்தோடு முடிந்துவிடும். அன்றைக்கு மட்டும் பிள்ளைகள் சாயங்காலம் வரை இருந்தாக வேண்டும். டிவி வேண்டும், ப்ரொஜெக்டர் வேண்டும், செட்டாப் பாக்ஸ் வேண்டும், கரண்ட் போனால் ஜெனரேட்டர் வேண்டும். ஏற்பாட்டில் மெத்தனம் தெரிந்தால் கடுமையாகப் பார்க்கப்படும் என்று டெல்லிக் கல்வி இயக்ககம் பள்ளிகளுக்கு எழுதியது. கூரை ஒழுகினால் கடுமையாகப் பார்க்கப்படும் என்று இந்த நாட்டில் எந்த இயக்ககமாவது எழுதியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

எதிர்க்கட்சிகள் கத்தின. இது என்ன, பள்ளிக்கூடமா பிரசாரக் கூடாரமா என்றார்கள். உடனே மனிதவள மேம்பாட்டு அமைச்சர் ஸ்மிருதி இரானி, இது முழுக்க முழுக்க விருப்பம் சார்ந்தது, தவறாகப் புரிந்துகொண்டுவிட்டார்கள் என்றார். சரி, விருப்பம்தான். அந்த விருப்பம் டெல்லியிலிருந்து கீழே இறங்கும்போது என்ன ஆகிறது என்று, சர்க்கார் பள்ளியில் ஒரு வருஷம் வேலை பார்த்தவர்களுக்கும் தெரியும். அமைச்சர் வாயில் அது "கட்டாயமில்லை". செயலாளர் கடிதத்தில் "கட்டாயமில்லை, எனினும் அனைவரும் பங்கேற்பது சிறப்பு". மாவட்ட அதிகாரி வாயில் "கட்டாயமில்லை, ஆனால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற விவரம் ஐந்து மணிக்குள் வர வேண்டும்". வட்டார அதிகாரி போனில் "என்ன சார், உங்க ஸ்கூல் மட்டும் இன்னும் வரலை?". தலைமையாசிரியர் வகுப்புக்கு வந்து சொல்லும்போது "எவனாவது எழுந்து வெளியே போனீங்க, தெரியும்". சாயங்காலம் பார்த்தால் வராதவர் எண்ணிக்கை பூஜ்யம். இப்படித்தான் கோடிக்கணக்கான பிள்ளைகள் ஒரே நாளில் ஒரே நேரத்தில் ஒரே விருப்பம் கொண்டார்கள். உலகத்தில் வேறெந்த ஜனநாயகத்திலும் இப்படியொரு மனப்பொருத்தம் அமைந்ததில்லை.

வேறெந்த நாட்டிலும் இல்லை என்று சொல்வதும் தப்புதான். 2009 செப்டம்பரில் பராக் ஒபாமா வர்ஜீனியாவில் ஒரு பள்ளியிலிருந்து அமெரிக்கப் பிள்ளைகளிடம் பேசினார். அங்கே நடந்தது வேறு கூத்து. பிள்ளைகளுக்கு சோஷலிசம் ஊட்டப் போகிறார் என்று எதிர்க்கட்சி ஊளையிட்டது. பெற்றோர் பலர் பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார்கள். கடைசியில் பார்த்தால் அந்த மனிதர் சொன்னது, ஒழுங்காகப் படி, வீட்டுப்பாடம் செய், கையைக் கழுவு என்பதுதான். அந்த பயம் மடத்தனமானது, அதில் நிறவெறியும் கலந்திருந்தது. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். பிடிக்காதவன் பிள்ளையை அனுப்பாமல் இருக்க முடிந்தது. மாவட்டப் பள்ளி வாரியம் ஒளிபரப்ப மாட்டேன் என்று சொல்ல முடிந்தது. நம்மூரில் ஒரு சத்துணவு அமைப்பாளர் முடியாது என்று சொல்லிப் பார்க்கட்டும், தெரியும்.

இனி அந்த உரைக்கு வருவோம்.

ஒரு பிள்ளை கேட்டது, சின்ன வயதில் நீங்கள் குறும்பு செய்வீர்களா என்று. பிரதமர் உற்சாகமாகிவிட்டார். கல்யாண வீட்டில் ஷெனாய் ஊதுகிறவர் எதிரே புளியைக் காட்டுவோம், அவர் வாயில் எச்சில் ஊறி வாசிக்க முடியாமல் திணறுவார் என்றார். நம் ஊரில் நாயனக்காரர் முன்னால் எலுமிச்சம்பழத்தைக் கடிக்கிற அதே வால்தனம். பிறகு, கல்யாணத்துக்கு வந்து நிற்கிறவர்களின் உடைகளைச் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்துவிட்டு ஓடிவிடுவோம் என்றார். அரங்கம் சிரித்தது. பிரதமர் சுவாரசியமாகப் பேசுகிறவர்தான், அதை மறுக்கிறவன் நேர்மையில்லாதவன். ஆனால் ஊதிப் பிழைக்கிறவன் வாயைக் கட்டுவது ஒரு குழந்தையின் குறும்பாக இருக்கலாம். நாடு பூராவும் வாய் திறந்து கேட்கிறவனெல்லாம் வாயில் எச்சில் ஊறித் திணறிக்கொண்டிருக்கும் இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் அதை நினைத்தால், அந்தப் புளி இன்னும் அவர் சட்டைப் பையிலேயே இருக்கிறதோ என்று தோன்றுகிறது.

அஸ்ஸாமிலிருந்து ஒரு பிள்ளை பருவநிலை மாற்றம் பற்றிக் கேட்டது. பிரம்மபுத்திரா வருஷா வருஷம் வீட்டுக்குள் வந்து போகிற ஊர்ப்பிள்ளை, கேட்கத்தானே செய்யும். பருவநிலை மாறவில்லை, நாம்தான் மாறிவிட்டோம், வயதானவர்கள் இந்த வருஷம் குளிர் ஜாஸ்தி என்பார்கள், உண்மையில் அவர்களுடைய தாங்கும் சக்திதான் குறைந்திருக்கும் என்கிற ரீதியில் பதில் வந்தது. இதைச் சொன்னவர் குஜராத் முதல்வராக இருந்தபோது பருவநிலை மாற்றம் பற்றியே தம் பெயரில் ஒரு புத்தகம் வெளியிட்டவர். அந்தப் பேச்சு நடந்த அதே வாரம் ஜம்மு காஷ்மீர் வெள்ளத்தில் மூழ்கிக்கொண்டிருந்தது. ஸ்ரீநகர்க்காரர்களின் தாங்கும் சக்தி குறைந்துபோனதால்தான் ஜீலம் மாடிவரை ஏறியது என்று அந்தப் பிள்ளை புரிந்துகொண்டிருக்கும். தேர்வில் அப்படி எழுதினால் மார்க் கிடைக்குமா என்பது விடைத்தாள் திருத்துகிறவரின் தைரியத்தைப் பொறுத்தது.

மூன்றாவது கேள்விதான் என்னைத் தூங்கவிடாதது. இம்பாலிலிருந்து ஒரு பையன் கேட்டான், நான் பிரதமராக வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்று. 2024 தேர்தலுக்கு இப்போதே தயாராகு என்றார் மோடி. அப்படியென்றால் அதுவரை என் நாற்காலிக்கு ஆபத்தில்லை என்று ஒரு சிரிப்பையும் சேர்த்தார். கைதட்டல். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அதுதான் தலைப்பு. நல்ல நகைச்சுவை, ஒப்புக்கொள்கிறேன்.

2024 வந்தது. இம்பால் எப்படி இருந்தது? 2023 மே 3 அன்று மணிப்பூரில் பற்றிய தீ அணையவே இல்லை. 250-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அறுபதாயிரம் பேருக்கு வீடு இல்லை. மெய்தேயிப் பிள்ளை ஒரு முகாமில், குக்கிப் பிள்ளை இன்னொரு முகாமில், நடுவே துப்பாக்கி வைத்த காவல். பள்ளிக்கூடம் பலருக்குப் படிக்கிற இடமாக இல்லாமல் படுக்கிற இடமாயிற்று. இரண்டு பெண்களை நிர்வாணமாக ஊர்வலம் நடத்திய வீடியோ வெளியே வந்து உலகமே காறித் துப்பிய பிறகுதான், 2023 ஜூலை 20 அன்று, பிரதமர் அதைப் பற்றி வாய் திறந்தார். அந்த மண்ணில் அவர் கால் வைத்தது 2025 செப்டம்பர் 13 அன்று. இரண்டு ஆண்டும் நான்கு மாதமும் கழித்து. இந்த இடைவெளியில் 2024 ஜனவரியில் ஒன்று, 2025 பிப்ரவரியில் ஒன்று என்று பரீட்சைக்குப் பயப்படாதே என்ற உபதேச நிகழ்ச்சி டெல்லியில் இரண்டு முறை நடந்தது. முகாமில் உட்கார்ந்திருந்த பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் அந்த ஒளிபரப்பு உண்டு. கட்டாயமில்லை.

தயாராகு என்று சொன்ன மனிதர் தன் பங்குக்கு எதற்குத் தயாராக இருந்தார் என்பதை அந்தப் பையன் கேட்டால் என்ன பதில்? அவனுக்கு இப்போது வாக்குரிமை இருக்கும். இம்பால் அடங்கிய உள் மணிப்பூர்த் தொகுதியும், பக்கத்து வெளி மணிப்பூர்த் தொகுதியும் 2024-இல் காங்கிரஸ் கைக்குப் போயின. பதில் அந்த அளவுக்காவது கிடைத்தது.

அந்த 2014 சர்ச்சையில் எதிர்த்து நின்றவர்கள் எல்லாம் பிள்ளைகள் மேல் உருகினவர்கள் என்று யாரும் கண்ணீர் விட வேண்டாம். நம் ஊரில் சண்டை எதற்கு நடந்தது? ஆசிரியர் தினத்துக்கு "குரு உத்சவ்" என்று பெயர் வைத்துவிட்டார்கள் என்பதற்கு. கருணாநிதி அறிக்கை விட்டார். பா.ஜ.க. கூட்டணியிலேயே இருந்த வைகோவும் ராமதாஸும் அறிக்கை விட்டார்கள். அது ஒரு கட்டுரைப் போட்டியின் பெயர்தான் என்று டெல்லி சமாளித்தது. பெயருக்குப் போராடியது சரி. ஒன்றே முக்கால் மணி நேரம் இந்தியில் நடக்கப் போகிற பேச்சை, இந்தி ஒரு சொல்லும் புரியாத பிள்ளை பார்த்து என்ன செய்யும் என்று யாராவது கேட்டார்களா? பெயர்ப் பலகையில் இருக்கிற இந்திக்கு எழுந்த கோபம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்காக எழவில்லை.

மேற்கு வங்கமும் எங்களால் முடியாது என்று சொல்லிவிட்டது. அப்போது அங்கே கல்வி அமைச்சர் பார்த்தா சட்டர்ஜி. வங்கத்துப் பிள்ளைகளை மோடியின் உரையிலிருந்து காப்பாற்றிய அந்தப் புண்ணியவான், 2022 ஜூலையில் ஆசிரியர் நியமன ஊழல் வழக்கில் அமலாக்கத் துறையால் கைதானார். அவருக்கு நெருக்கமானவரின் வீடுகளில் கட்டுக்கட்டாகப் பணம் எண்ணி மாளவில்லை, இயந்திரம் கொண்டுவந்து எண்ணினார்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த நியமனங்களையே ரத்து செய்து, ஏறத்தாழ 25 ஆயிரம் ஆசிரியர்களும் ஊழியர்களும் தெருவுக்கு வந்தார்கள். உரையைத் தடுத்தாயிற்று, ஆசிரியரையும் தடுத்தாயிற்று.

தமிழ்நாட்டுக்காரன் மீசையை முறுக்க வேண்டாம். 2011-இல் சமச்சீர் கல்விப் புத்தகத்தை ஜெயலலிதா அரசு முடக்கப் பார்த்து, உச்ச நீதிமன்றம் கொடு என்று சொன்ன பிறகு, கருணாநிதி சம்பந்தப்பட்ட பக்கங்களில் ஸ்டிக்கர் ஒட்டிப் பிள்ளைகள் கையில் கொடுத்தவர்கள் நாம். அதை ஈரத் துணியால் உரித்துப் பார்த்துத்தான் அந்தத் தலைமுறை செம்மொழி பற்றிப் படித்தது. ஸ்டிக்கர் ஒட்டாமல் இருந்தால் ஒரு பிள்ளையும் அந்தப் பக்கத்தைத் திருப்பியிருக்காது. இலவச மடிக்கணினியைத் திறந்தால் முதல்வர் முகம், புத்தகப்பையைப் பார்த்தால் முதல்வர் முகம். 2021-இல் முந்தைய முதல்வர்கள் படம் போட்ட 65 லட்சம் பைகள் மீதம் இருந்தபோது, படத்தை மாற்றினால் 13 கோடி ரூபாய் வீண் என்று ஸ்டாலின் அரசு அப்படியே கொடுக்கச் சொன்னது. நம் கல்வித் துறையில் சமீபத்தில் நடந்த மிகப் பெரிய புரட்சி இதுதான் என்று நான் நிஜமாகவே நினைக்கிறேன். 2024 மார்ச்சில் கோவையில் பிரதமரின் ஊர்வலத்துக்குப் பிள்ளைகளைச் சீருடையோடு கொண்டுபோய் நிறுத்தினார்கள். தேர்தல் வேலைக்குப் பிள்ளைகளைப் பயன்படுத்தக் கூடாது என்று அதற்கு ஒரு மாதம் முன்புதான் தேர்தல் ஆணையம் எழுதியிருந்தது. அந்தக் கடிதத்தை எந்தப் பிள்ளையும் படிக்கவில்லை போலும்.

ஆக, பிள்ளைகள் விஷயத்தில் கட்சி பேதம் இல்லை. வாக்கு இல்லாதவன், எழுந்து போக முடியாதவன், கைதட்டு என்றால் கைதட்டுகிறவன், வெயிலில் நிறுத்தினால் மயங்கி விழுவானே தவிர மறியல் செய்யாதவன். இதைவிட நல்ல தொண்டன் எந்தக் கட்சிக்குக் கிடைப்பான்? பிரியாணிப் பொட்டலம்கூடக் கேட்க மாட்டான்.

இந்தக் கண்டுபிடிப்பைத் தொழிலாகவே மாற்றிய பெருமை மட்டும் டெல்லிக்கு. 2018 பிப்ரவரி தொடக்கத்தில் பிரதமர் "எக்ஸாம் வாரியர்ஸ்" என்று ஒரு புத்தகம் வெளியிட்டார். பரீட்சையை எப்படி எதிர்கொள்வது என்று 25 மந்திரங்கள். பிப்ரவரி 16 அன்று டெல்லி தால்கட்டோரா அரங்கில் "பரீக்ஷா பே சர்ச்சா" என்று உரையாடல். பயப்படாதே, நம்பிக்கையோடு எழுது, பரீட்சை ஒரு திருவிழா. சரியாக நாற்பது நாள்கூட ஆகவில்லை, மார்ச் கடைசியில் சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளும் பன்னிரண்டாம் வகுப்புப் பொருளாதாரத் தாளும் வாட்ஸப்பில் திருவிழா கொண்டாடின. பொருளாதாரத்தை மறுபடி எழுது என்றார்கள். மன உறுதியோடு ஒரு முறை எழுதிய பிள்ளை, அதே மன உறுதியோடு இன்னொரு முறை எழுதிற்று. கேள்வித்தாள் வெளியானால் என்ன மந்திரம் சொல்வது என்று அந்தப் புத்தகத்தில் இல்லை.

2024 நீட் கதை எல்லோருக்கும் தெரியும், சுருக்கமாகவே சொல்கிறேன். மே 5 அன்று 23 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். பாட்னாவில் முந்தின இரவே விடை மனப்பாடமாயிற்று. நாடே வாக்கு எண்ணிக்கையில் கண்ணாயிருந்த ஜூன் 4 அன்று சத்தமில்லாமல் முடிவு வந்தது, 67 பேருக்கு 720-க்கு 720. அதே மாதம் யுஜிசி நெட் தேர்வு நடந்த மறுநாளே ரத்து. இதே நீட் தேர்வை நினைத்துத் தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் பிள்ளைகளின் படத்துக்கு மாலை தொங்குகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வீட்டுக்காரர்களிடம் போய், பரீட்சை ஒரு திருவிழா என்று சொல்ல யாருக்காவது தெம்பிருக்கிறதா? ஆனால் 2025-இல் அந்த உரையாடலுக்கு 3.53 கோடிப் பேர் பெயர் பதிந்தார்கள் என்று கின்னஸ் சாதனைச் சான்றிதழ் வாங்கினோம். தேர்வு நடத்துவதில் வாங்க முடியாத பேரைத் தேர்வு பற்றிப் பேசுவதில் வாங்கிவிட்டோம்.

அந்த முதல் நிகழ்ச்சி நாளுக்கே திரும்பிப் போக வேண்டும். 2018 பிப்ரவரி 16. இமாசலப் பிரதேசம், குலு மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. பள்ளியில் டிவி வசதி இல்லையோ என்னவோ, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் வீட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ப் பிரதமர் பேச்சைக் காட்டினார்கள். தலித் பிள்ளைகளைத் தனியாக, வெளியே, குதிரை கட்டுகிற இடத்தில் உட்கார வைத்தார்கள். பாதியில் எழுந்து போகக் கூடாது என்றும் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகளே நோட்டுப் புத்தகத் தாளைக் கிழித்து மாவட்ட துணை ஆணையருக்கு இதை எழுதினார்கள். மதிய உணவிலும் எங்களைத் தனியாகத்தான் உட்கார வைக்கிறார்கள் என்றும் எழுதினார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. தலைமையாசிரியர் வருத்தம் தெரிவித்தார்.

கொஞ்சம் அந்த இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். உள்ளே டிவியில் நாட்டின் பிரதமர், தன்னம்பிக்கை எப்படி வரும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். வெளியே குதிரைச் சாணத்தின் மேல் ஒரு பிள்ளை, தலையை எட்டி எட்டி அதைக் கேட்கிறது. இதற்கு மேல் அங்கதம் எழுத எவனுக்கும் திறமை போதாது. இந்த நாடு தானே எழுதிக்கொள்கிறது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற படிவத்தில் அந்தப் பிள்ளைகளும் ஒவ்வொரு எண்ணாகச் சேர்ந்திருப்பார்கள். எங்கே உட்கார்ந்து பார்த்தார்கள் என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. அந்தத் தாளைக் கிழித்து எழுதிய கைகளுக்கு தால்கட்டோரா அரங்கில் ஒரு மைக் கொடுத்திருந்தால் என்ன கேட்டிருக்கும்?

கொடுக்க மாட்டார்கள். அதற்குத்தான் வடிகட்டி இருக்கிறது. பிரதமரிடம் கேள்வி கேட்க விரும்பும் மாணவர் அரசின் இணையதளத்தில் போட்டியில் கலந்துகொள்ள வேண்டும். கேள்வி 500 எழுத்துக்குள். தேர்ந்தெடுத்த கேள்விதான் மேடைக்கு வரும். கலந்துகொண்ட எல்லோருக்கும் சான்றிதழ் உண்டு. 2019 மே 17 அன்று பா.ஜ.க. தலைமையகத்தில், ஐந்து ஆண்டு ஆட்சிக்குப் பிறகு, பத்திரிகையாளர் சந்திப்பில் பிரதமர் வந்து உட்கார்ந்தார். கேள்வி கேட்டார்கள். நான் கட்டுப்பாடுள்ள தொண்டன், தலைவர் இருக்கும்போது நான் பேசலாமா என்ற பாணியில், கட்சித் தலைவராக இருந்த அமித் ஷா பக்கம் தள்ளிவிட்டார். மீசை முளைத்த நிருபருக்குக் கிடைக்காத பதில் பல் முளைக்கிற பிள்ளைக்குக் கிடைக்கிறது என்றால் பிள்ளைகள் மேல் எவ்வளவு பாசம் என்று பாருங்கள். நேருவுக்குக்கூட இவ்வளவு இல்லை. அந்த மனிதர் பிள்ளைகளுக்கு ரோஜாவைக் கொடுத்துவிட்டு, பத்திரிகைக்காரர்களிடம் போய்த் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

வடிகட்டி இல்லாமல் பிள்ளைகள் பேசினால் என்ன ஆகும் என்பதற்கும் விடை இருக்கிறது. 2020 ஜனவரி, கர்நாடகத்தில் பீதர். ஷாஹீன் பள்ளியில் நான்காம், ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு நாடகம் போட்டார்கள். குடியுரிமைத் திருத்தச் சட்டம் பற்றி. அதில் பிரதமரைக் குறை சொல்லும் ஒரு வசனம். தேசத்துரோக வழக்குப் பாய்ந்தது. தலைமையாசிரியையும், வசனம் பேசிய சிறுமியின் தாயும் கைதாகி, ஜாமீனுக்கு இரண்டு வாரம் காத்திருந்தார்கள். போலீஸ் பள்ளிக்கே வந்து, திரும்பத் திரும்ப வந்து, ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, யார் எழுதிக் கொடுத்தது, யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டது. சீருடையில், ஆயுதத்தோடு போலீஸ் போனது சிறார் நீதிச் சட்டத்தை மீறியதாகவே தெரிகிறது என்று உயர் நீதிமன்றம் பின்னர் சொன்னது. 2023-இல் வழக்கையே ரத்து செய்தது. அதற்குள் அந்தப் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டார்கள்.

அரசுக்கும் பள்ளிப்பிள்ளைக்கும் இந்த நாட்டில் நடந்த உண்மையான சர்ச்சா அதுதான். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில், இடையில் 500 எழுத்துக் கட்டுப்பாடு இல்லை. அதற்கு மட்டும் கின்னஸ்காரர்களைக் கூப்பிட மறந்துவிட்டார்கள்.

அந்த 2014 உரையில் பிரதமர் நல்ல விஷயமும் பேசினார். பெண் பிள்ளைகளுக்குப் பள்ளியில் கழிப்பறை வேண்டும் என்றார். அதற்கு மூன்று வாரம் முன்புதான் செங்கோட்டையில் ஓராண்டில் எல்லாப் பள்ளியிலும் கழிப்பறை என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஓராண்டில் கட்டியாயிற்று என்று அறிவிப்பும் வந்தது. பொதுத்துறை நிறுவனங்கள் கட்டியதாகச் சொன்னவற்றில் 2,695 கழிப்பறைகளை இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறை போய்ப் பார்த்து, 2020-இல் அறிக்கை கொடுத்தது. 200 கழிப்பறைகளைக் காணவில்லை. கட்டியதாகக் கணக்கு இருக்கிறது, கட்டடம் இல்லை. இருந்தவற்றில் 72 சதவீதத்தில் உள்ளே தண்ணீர் வசதி இல்லை. கிணற்றைக் காணோம் என்று போலீசில் புகார் கொடுத்த வடிவேலுவைப் பார்த்துச் சிரித்தோமே, அந்த மனிதருக்கு ஒரு தேசிய விருதாவது கொடுத்திருக்கலாம். பெண் பிள்ளை எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு உரையைக் கேட்டது.

உரை போதாது என்று இப்போது சினிமா. 2025 செப்டம்பரில், பிரதமரின் பிறந்தநாளை ஒட்டி, கேந்திரிய வித்யாலயா, நவோதயா, சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் "சலோ ஜீத்தே ஹைன்" என்ற படத்தைக் காட்டச் சொல்லிக் கல்வி அமைச்சகம் எழுதியது. 2018-இல் வந்த அரை மணி நேரப் படம். பிரதமரின் சிறுவயதை வைத்து எடுத்தது. முதலைக் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த கதையைக் காமிக்ஸில் பார்த்தாயிற்று, காட்டில் பேர் கிரில்ஸோடும் கேட்டாயிற்று, இனித் திரையிலும் சிறுவயது. சிறுவன் நாரு, ஏழைத் தோழனுக்கு உதவுகிறவன், பிறருக்காக வாழ்கிறவன். உருக்கமான படம் என்கிறார்கள், இருக்கட்டும். அந்தச் சிறுவன் வளர்ந்து அமைத்த அரசு, பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பதற்காகத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் சமக்ர சிக்ஷா நிதியை நிறுத்தி வைத்தது. கல்வி உரிமைச் சட்டத்தின் (ஆர்.டி.இ.) கீழ் சேர வேண்டிய ஏழைப் பிள்ளைகளின் சேர்க்கை அந்த ஆண்டு நாதியற்றுக் கிடந்தது. அரை மணி நேரம் ஏழைத் தோழனுக்கு அழுதுவிட்டு, மிச்ச இருபத்து மூன்றரை மணி நேரம் ஏழைப் பிள்ளையின் காசை மேஜை டிராயரில் பூட்டி வைப்பது எந்த நடிப்புப் பள்ளியில் சொல்லிக் கொடுக்கிறார்களோ தெரியவில்லை.

இந்தப் படத்தையும் பேச்சையும் ஓட்டுவதற்குப் பள்ளிக்கூடத்தில் யார் இருக்கிறார்கள் என்பதையும் அரசே கணக்கெடுத்து வைத்திருக்கிறது. 2024-25 கணக்குப்படி நாட்டில் 1,04,125 பள்ளிகளுக்கு ஒரே ஒரு ஆசிரியர். அவற்றில் படிக்கிறவர்கள் 33 லட்சம் பிள்ளைகள். அந்த ஒற்றை ஆள்தான் ஒன்றாம் வகுப்புக்கு அகரம் எழுத வேண்டும், ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்குப் போட வேண்டும், முட்டையை எண்ண வேண்டும், வாக்காளர் பட்டியலுக்கு வீடு வீடாகப் போக வேண்டும். நாளைக்குப் பிரதமர் பேசுகிறார் என்றால் டிவியை வாடகைக்குப் பிடித்து, பிள்ளைகளை உட்கார வைத்து, நிகழ்ச்சியைப் பார்த்ததற்குப் படம் எடுத்து, இடமும் நேரமும் தெரிகிற மாதிரி ஏற்ற வேண்டும். படத்தில் ஆசிரியரும் பிள்ளைகளோடு இருக்க வேண்டும் என்றால் அந்தப் பள்ளியில் படம் எடுப்பது யார் என்று மட்டும் எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் கையில் போனைக் கொடுத்துவிட வேண்டியதுதான். தேசியக் கல்விக் கொள்கை தொழிற்கல்வியை ஆறாம் வகுப்பிலிருந்துதான் தொடங்கச் சொல்கிறது. இங்கே ஒரு வருஷம் முன்கூட்டியே தொடங்கியாயிற்று என்று அறிக்கையில் அதையும் சேர்த்து எழுதிவிடலாம்.